ஓட்டமும் நடையும்: ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிடிப்பது எப்படி

ஆங்கிலத்தில் அதிக அர்த்தமுள்ள சொல் எது என்று கேட்டால் வாயில் நுழையாத நீளச் சொல் ஒன்றைத்தான் பலரும் தேடுவார்கள். விடை மூன்றே எழுத்துச் சொல். ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல் முதலிடத்தில் இருந்தது. அதற்குச் சுமார் 430 பொருள்கள். அப்புறம் அகராதியைப் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். அந்த ஒரு சொல்லைப் பிரித்து அடுக்க, பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

பயப்பட வேண்டாம். 645ஐயும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை, ஆங்கிலம் பேசிப் பிறந்தவர்களும்கூட. நமக்கு ஒரு வசதி வேறு இருக்கிறது. தமிழின் ‘ஓடு’ம் இதேபோல் கண்ட இடமெல்லாம் சுற்றித் திரிகிற சொல்தான். அதைப் பிடித்துக்கொண்டு பாதித் தூரம் போய்விடலாம். மீதித் தூரத்துக்கு ‘நட’ என்ற சொல் உதவும். ஓட்டத்துக்கு நடை எப்படி உதவும் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதல் பொருளில் சிக்கல் எதுவும் இல்லை. திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டை வாசலால் உள்ளே போய்க் கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில் மான்கள் நிற்கும். நாய் குரைத்து அவை பாய்ந்து ஓடினால் அது ‘ரன்’. கால் இருக்கிறது, வேகம் இருக்கிறது, இடமும் மாறுகிறது.

இப்போது காலைக் கழற்றிவிடுங்கள். மகாவலி 335 கிலோமீற்றர் வந்து மூதூர்ப் பக்கம் கொட்டியாரக்குடாவில் கடலோடு சேர்கிறது. ஆறு ஓடுகிறது என்கிறோம். ஆங்கிலத்திலும் ‘த ரிவர் ரன்ஸ் இன்டு த சீ’. அடுத்து வேகத்தையும் கழற்றுங்கள். குழாயில் நூல் மாதிரித் தண்ணீர் வந்தாலும் அது ‘ரன்னிங் வோட்டர்’தான். இனி, இடம் மாறுவதையும் கழற்றிப் பாருங்கள். மின்விசிறி இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. ஆனால் ‘ஃபேன் ஓடுது’ என்போம், ‘த ஃபேன் இஸ் ரன்னிங்’ என்பார்கள். இவ்வளவையும் கழற்றிய பிறகு என்ன மிஞ்சுகிறது? ஒரு தடத்தைப் பிடித்து, இடையில் விட்டுவிடாமல் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பது. ‘ரன்’னின் உள்ளே இருக்கிற சரக்கு இந்தத் தொடர்ச்சிதான். வேகம் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று.

இது பிடிபட்டால் ஒரு கூட்டமே வழிக்கு வரும். படம் நூறு நாள் ஓடியது: ‘த ஃபில்ம் ரான் ஃபோர் எ ஹன்ட்ரட் டேய்ஸ்’. படகு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது: ‘ரன்ஸ் ஒன் கெரசின்’. மணிக்கூடு பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது: ‘ரன்ஸ் டென் மினிட்ஸ் ஃபாஸ்ட்’. கைபேசியில் செயலி ஓடுகிறது, கணினியில் நிரல் ஓடுகிறது. வீட்டுக் குத்தகை இரண்டு வருடத்துக்குச் செல்லும் என்றால் அதற்கும் ‘ரன்ஸ் ஃபோர் டூ இயர்ஸ்’. சீனக்குடாவில் விமானம் இறங்கும் ‘ரன்வே’யை ஓடுபாதை என்று மொழிபெயர்த்தவருக்கு மண்டையை உடைக்கிற வேலையே இருந்திருக்காது.

ஆங்கிலம் இன்னும் ஒரு படி மேலே போகும். அசையவே அசையாத பொருளும் அங்கே ஓடும். அம்பேபுஸ்ஸவில் தொடங்கும் ஏ6 வீதி குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு வருகிறது. இதை ஆங்கிலத்தில் எழுதினால் வீதி ‘ரன்ஸ்’. மதில் காணியின் ஓரமாக ‘ரன்ஸ்’. சுவரில் வெடிப்பு மேலிருந்து கீழே ‘ரன்ஸ்’. வீதியோ மதிலோ இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் நீளத்தைப் பார்த்துக்கொண்டு போகிற நம் கண்தான் ஓடுகிறது. தமிழில் வீதி போகும், வரும், ஓடாது. எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்த்த மிதவையின் பெயரே ‘பாதை’. ‘இண்டைக்குப் பாதை ஓடுதா?’ என்று கேட்டுவிட்டுத்தான் சனம் வீட்டிலிருந்து வெளிக்கிடும். வெளியூர்க்காரர் யாராவது அதைக் காதில் வாங்கியிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

சரி, நடைக்கு வருவோம்.

இதுவரை பார்த்தவை எல்லாம் தானாக ஓடுபவை: ஆறு, மின்விசிறி, படம். ஆங்கிலத்தில் ஒருவர் இன்னொன்றை ஓட வைப்பதற்கும் அதே ‘ரன்’தான், உருவத்தில் மாற்றம் இல்லை. ‘ஷீ ரன்ஸ் எ ஷொப்’ என்றால் அவர் கடைக்குள் ஓடித் திரிகிறார் என்று பொருள் இல்லை. கடையைப் பார்த்து, கணக்கை வைத்து, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, பூட்டிவிட்டுப் போகிறவர் அவர். இந்த இடத்தில் தமிழ் என்ன சொல்லும்? கடை நடத்துகிறார். ஆங்கிலம் ஓட வைப்பதைத் தமிழ் நடக்க வைக்கிறது. டியூசன் வகுப்பு நடத்துவது, பள்ளிக்கூடம் நடத்துவது, கூட்டம் நடத்துவது, ஹோட்டல் நடத்துவது, நாட்டை நடத்துவது, எல்லாமே ‘ரன்’.

ஆக, ஆங்கிலத்தில் ‘ரன்’னுக்குப் பக்கத்தில் ஒரு கடையோ கழகமோ திட்டமோ வந்து நின்று, முன்னால் ஒரு மனிதரும் இருந்தால், முதலில் ‘நடத்து’ என்று வைத்துப் பாருங்கள். அநேகமாகப் பொருந்தும். மனிதரை எடுத்துவிட்டால் தமிழ் மறுபடியும் ஓட்டத்துக்குத் திரும்பிவிடும்: ‘அவர் கடை நடத்துறார்’, ஆனால் ‘கடை நல்லா ஓடுது’. தானாகப் போனால் ஓட்டம், ஒருவர் கொண்டுபோனால் நடத்தல். எப்போதும் இந்தக் கணக்கு சரிவரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தொடங்குகிற ஒருவருக்கு இதைவிட நல்ல கைப்பிடி எனக்குத் தெரியாது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் தங்கப் போகிறவர்கள் ‘ஃபமிலி ரன் கெஸ்ட் ஹவுஸ்’ என்ற விளம்பரத்தைப் பார்த்திருக்கலாம். ஒரு குடும்பமே பொறுப்பாக இருந்து நடத்துகிற விடுதி என்பதுதான் அதன் பொருள். ‘குடும்பம் நடத்தும் விடுதி’ என்று சுருக்கித் தமிழ்ப் பலகை எழுதினால் வாசிக்கிறவர் வேறு எதையாவது நினைத்துச் சிரிப்பார். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, ‘இட் ரன்ஸ் இன் த ஃபமிலி’. நீரிழிவோ நல்ல குரலோ தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது என்றால் அப்படிச் சொல்வார்கள். விடுதி நடத்துவதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

கப்பல் விஷயத்தில் மட்டும் தமிழ் நடத்தாமல் ஓட்டுகிறது. வ.உ. சிதம்பரனாரைக் கப்பல் ஓட்டியவர் என்கிறோம். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இல்லை. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரர் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவர். இந்த ‘ஓட்டிய’வை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால் ‘ரான் எ ஷிப்பிங் கம்பனி’ என்றுதான் வரும். ‘செயில்ட்’ என்று எழுதிவிட்டால் வக்கீல் மாலுமியாகிவிடுவார்.

இலங்கைத் தமிழர் வழுக்கி விழுகிற இடமும் இங்கேதான் இருக்கிறது. நம் பேச்சில் ‘ஓட்டு’ என்று சொல்ல வேண்டிய இடத்திலும் ‘ஓடு’ வரும். ‘அவர் வான் ஓடுறவர்’, ‘நான் ஓட்டோ ஓடுறன்’. ஆங்கிலமும் இதே மாதிரி ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொள்வதால், கை தானாக ‘ஐ ரன் எ வான்’ என்று எழுதிவிடும். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கேட்கிறவருக்கு, வான் வைத்துத் தொழில் நடத்துகிறீர்கள், செலவெல்லாம் உங்களுடையது என்று விளங்கும். சாரதி ஆசனத்தில் இருப்பதைச் சொல்ல ‘டிரைவ்’ வேண்டும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது இது சின்ன வித்தியாசம் இல்லை.

அடுத்தது, ‘ரன்’னின் வாலில் ஒட்டும் குட்டிச் சொற்கள். அவுட், இன்டு, ஓவர், டவுன் போன்றவை. 645 என்று ஊதியதற்கு இவையும் ஒரு காரணம். எல்லாவற்றையும் இங்கே இறக்க முடியாது. அதிகம் தேவைப்படுகிற ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம்: ‘ரன் அவுட்’.

2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் வரிசை, கியூஆர் கோடு, மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்த படகுகள். அந்த வருடம் நாட்டில் எல்லாமே ‘ரான் அவுட்’. பொருள் சுலபம்தான்: இருந்தது ஓடி முடிந்துவிட்டது, இனி இல்லை. பானையில் ஓட்டை விழுந்து கடைசிச் சொட்டும் வெளியே ஓடிவிட்டதாகக் கற்பனை செய்தால் அந்த ‘அவுட்’ ஏன் அங்கே நிற்கிறது என்பது புரியும். சிக்கல் வாக்கிய அமைப்பில் வருகிறது. தமிழில் ‘பெற்றோல் முடிஞ்சுது’. முடிந்தது பெற்றோல், எழுவாயும் பெற்றோல். அதே மாதிரி ஆங்கிலத்திலும் ‘த பெற்றோல் ரான் அவுட்’ என்று சொல்லலாம், தப்பே இல்லை. ஆனால் பேச்சில் கூடுதலாக வருவது ‘வி ரான் அவுட் ஒவ் பெற்றோல்’. இதில் எழுவாய் நாங்கள். பெற்றோல் முடிந்ததற்கு ஏன் நாங்கள் ஓடினோம் என்று தமிழ் மூளை முழிக்கும். முழிக்கட்டும், இரண்டு நாளில் பழகிவிடும். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஆட்கள் முன்னால் வந்தால் ‘ஒவ்’ கட்டாயம், பொருள் முன்னால் வந்தால் ‘ஒவ்’ வரக் கூடாது. ‘வி ரான் அவுட் பெற்றோல்’ என்பதும் ‘பெற்றோல் ரான் அவுட் ஒவ்’ என்பதும் நம் பிள்ளைகளின் கொப்பிகளில் நிறையவே கிடைக்கும்.

இதே அச்சில் நேரம், பணம், பொறுமை எல்லாவற்றையும் வார்க்கலாம். ‘ஐ ரான் அவுட் ஒவ் டைம்’, ‘ஷீ ரான் அவுட் ஒவ் பேஷன்ஸ்’. இன்னும் முடியவில்லை, முடியப் போகிறது என்றால் ‘அவுட்’டை எடுத்துவிட்டு ‘ரன்னிங் லோ’.

கிரிக்கெட்டின் ‘ரன் அவுட்’ தனிச் சாதி. அது இரண்டு சொல்லின் நேர்ப்பொருள்: ஓடும்போது அவுட். வானொலியில் ‘ரன் அவுட் முறையில் ஆட்டமிழந்தார்’ என்று கேட்டுப் பழகிய காது ‘பெற்றோல் ரான் அவுட்’ என்பதைக் கேட்டு விக்கெட்டைத் தேடக் கூடாது.

மற்ற வால்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ரன் இன்டு’ என்றால் மோதுவது. ஆளோடு வந்தால் எதிர்பாராமல் சந்திப்பது. சந்தையில் பழைய ஆசிரியரைக் கண்டு கதைத்தேன் என்பதற்கு ‘ஐ ரான் இன்டு மை டீச்சர்’ என்று தயங்காமல் எழுதலாம், அவருக்கு ஒரு காயமும் ஏற்படாது. அங்கே ‘இன்டு’வுக்குப் பதில் ‘ஓவர்’ போட்டால் கதை பொலிசுக்குப் போய்விடும், அது வாகனத்தால் ஏற்றுவது. ‘ரன் டவுன்’ பற்றரிக்கும் பழைய கட்டடத்துக்கும் சோர்ந்துபோன மனிதருக்கும் பொதுவானது. கப்பல் தரைதட்டினால் ‘ரன் அகிரவுண்ட்’. ஆழத்துக்குப் பெயர்போன எங்கள் இயற்கைத் துறைமுகத்தில் அதற்கு வேலை குறைவு.

உடம்பைப் பற்றிய பேச்சிலும் ‘ரன்’ அடிக்கடி வரும். சளி பிடித்து மூக்கு ஓடினால் ‘ரன்னி நோஸ்’. காய்ச்சல் அடித்தால் ‘ரன்னிங் எ டெம்பரச்சர்’. தமிழில் காய்ச்சல் அடிக்கும், காயும், ஓடாது. வயிற்றோட்டத்தை மட்டும் இரண்டு மொழியும் பேசி வைத்த மாதிரி ஒரே விதமாகப் பார்த்திருக்கின்றன. பேச்சு ஆங்கிலத்தில் அதற்கு ‘த ரன்ஸ்’ என்றே பெயர். வைத்தியரிடம் அப்படிச் சொன்னால் புரிந்துகொள்வார். விடுமுறைக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

பெயர்ச்சொல்லாகும்போதும் ‘ரன்’ சும்மா இருப்பதில்லை. கிரிக்கெட்டில் இரண்டு துடுப்பாட்டக்காரர்களும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி இடம் மாறினால் ஒரு ‘ரன்’. நம் வானொலிகளும் பத்திரிகைகளும் இதை ‘ஓட்டம்’ என்றே சொல்கின்றன, அழகான சொல். வேடிக்கை என்னவென்றால், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஒருவரும் அசையாமலே நான்கு ஓட்டம், காற்றிலேயே தாண்டினால் ஆறு. ஓட்டம் இங்கே எண்ணிக்கையாக மாறிவிட்டது. சொற்கள் கிளைவிடுகிற விதமே இதுதான்: முதலில் ஓடுகிற செயலைக் குறிக்கும், பிறகு அந்தச் செயலால் கிடைத்ததைக் குறிக்கும், கடைசியில் செயல் நடக்காதபோதும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு பஸ் போய்த் திரும்பும் தடவையும் ‘ரன்’. மூதூருக்கு நாளுக்கு மூன்று ‘ரன்’ என்றால், நாம் மூன்று ட்ரிப் என்போம். பழைய ஆட்கள் ‘மூண்டு நடை’ என்பார்கள். ‘ஒரு நடை போயிட்டு வாறன்’ என்கிறோமே, அந்த நடை. ஆங்கிலம் ஓடிய இடத்தில் தமிழ் நடக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு இதுவும் சாட்சி. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வருவதை ‘ஸ்கூல் ரன்’ என்பதும் இந்த வகைதான். இங்கிலாந்தில் இருக்கிற அண்ணாவோ அக்காவோ ‘ஸ்கூல் ரன் முடிச்சிட்டுக் கோல் எடுக்கிறன்’ என்று செய்தி அனுப்பினால், ஓட்டப் பந்தயம் எதுவும் இல்லை, காரில்தான் போகிறார்கள்.

பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைவிட்டு 1957இல் போனது. அந்தக் கடற்படையினரின் பேச்சில் ‘ரன் அஷோர்’ என்று ஒன்று உண்டு. கப்பலைவிட்டு இறங்கி, கரையில் குடித்துக் கூத்தடித்துவிட்டு வருவதற்குப் பெயர் அது. திரும்பி வரும்போது ஓட அல்ல, நடக்கவே முடிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

பண விவகாரத்தில் ‘பேங்க் ரன்’ வரும். வங்கி கவிழப் போகிறது என்ற பேச்சுப் பரவி, எல்லாரும் ஒரே நேரத்தில் போட்ட காசை எடுக்கப் போய் நிற்பது. ‘ட்ரை ரன்’ என்றால் ஒத்திகை. ‘இன் த லோங் ரன்’ என்றால் போகப் போக, நெடுங்காலத்தில். கோழிகளை அடைத்துவிடும் வேலியிட்ட இடமும் ‘ரன்’, காலுறையில் நூல் பிரிந்து நீளமாக விடும் கோடும் ‘ரன்’. கடைசி இரண்டும் தெரியாவிட்டால் குறை ஒன்றும் இல்லை.

தேர்தலில் நிற்பதற்கு அமெரிக்கர் ‘ரன்’ என்பார்கள், பிரித்தானியர் ‘ஸ்டான்ட்’ என்பார்கள். ஒருவர் ஓடுகிறார், மற்றவர் நிற்கிறார். நாம் நிற்பதோடு விடுவதில்லை, பேச்சில் கேட்கவும் செய்வோம்: ‘அவர் இந்த முறை எலெக்சன் கேக்கிறார்’. இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்தால் ஒருவருக்கும் விளங்காது. நாட்டுப் பத்திரிகையைப் பார்த்து எழுதுகிறவர் ‘கொன்டெஸ்ட்’ என்று போடுவது பாதுகாப்பு.

தமிழில் ஓடி ஆங்கிலத்தில் ஓடாதவையும் இருக்கின்றன. ‘மூளை ஓடுதில்லை’ என்பதை ‘மை பிரெய்ன் இஸ் நொட் ரன்னிங்’ என்று எழுதினால் சிரிப்பார்கள், அங்கே ‘வேர்க்கிங்’தான். தேர் ஓடுகிறது என்பதற்கும் ‘ரன்’ ஒட்டாது. தேரை இழுக்கிறார்கள், ஆகவே ‘புல்’. காலம் ஓடிப்போனால் ஆங்கிலத்தில் அது பறக்கும். ஓடிவிட்டார்கள் என்று ஊர் சொல்கிற காதல் ஜோடிக்கு வெறும் ‘ரான் அவே’ போதாது, அது பயந்து தப்பிப்பதற்கும் வரும். ‘டுகெதர்’ என்று ஒரு சொல்லைப் பின்னால் சேர்த்துவிட்டால் மாமா மாமிக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேரும். இறந்தகாலத்தில் ‘ரான்’, ‘ஹாவ்’க்குப் பின்னால் மறுபடியும் ‘ரன்’. ‘ரன்ட்’ என்று ஒன்று கிடையாது.